நாற்பத்தொன்பதாம் நாள்

என் மனைவி விளக்கேற்றுவதை நிறுத்தி ஐந்து நாட்கள் ஆகியிருந்தன.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. தில்லி கிட்வாய் நகரில் அரசுக் குடியிருப்பொன்றின் முதல் மாடியில் நாங்கள் இருவரும் இருந்தோம். பணி ஓய்வுக்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன. சமையலறையை அடுத்த சுவரலமாரிதான் எங்கள் பூசையறை. மேல் தட்டில் முருகன் படமும் சிறு வெள்ளி வேலும், நடுத்தட்டில் நான் நாள்தோறும் ஓதும் பதிகப் புத்தகங்கள், கீழ்த்தட்டில் கற்பூரம், திரி, நல்லெண்ணெய் டின். அந்த டின்னுக்குப் பின்னால் என்னுடைய குப்பி இருந்தது. டின் தீர்ந்து புதியதை வைக்கக் குனிந்தபோது அவள் கையில் அது தட்டுப்பட்டது.

அவள் கத்தவில்லை. குப்பியைக் கொண்டுவந்து என் காபி தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க குடிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? தெரியும். அதை எங்க வேணும்னாலும் வச்சிருக்கலாம். செருப்பு வைக்கிற இடத்துல வச்சிருந்தாக்கூட நான் பேசாம இருந்திருப்பேன். இனி அந்த அலமாரியில விளக்கேத்த என் கை போகாது. நீங்க இதை விடுத அன்னைக்குத்தான் ஏத்துவேன்."

எங்களுக்குத் திருமணமான நாள் முதல், தீட்டு நாட்கள் நீங்கலாக, மாலை ஆறு மணிக்கு விளக்கு எரியாத வீட்டில் நான் இருந்ததில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பிப் படியேறும்போதே எண்ணெய்த் திரியின் மணம் வரும். அந்த ஐந்து நாட்களும் வரவில்லை. இருண்ட அலமாரிக்கு முன் நின்று பதிகம் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் அடியிலேயே நாக்கு நின்றது. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாளிதழை எடுத்தேன், வைத்தேன். பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

என் தரப்பில் ஒரு வாதம் இருந்தது; அதை அவளிடமும் சொன்னேன். ஆண்டுதோறும் கந்த சஷ்டியோடு நிறைவடையும்படி நாற்பத்தெட்டு நாட்கள் விரதம் இருப்பேன். அந்த ஒரு மண்டலத்தில் ஒரு துளி மதுவும் என் நாவில் பட்டதில்லை. குடிகாரனால் அது முடியுமா?

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "நாப்பத்தொம்பதாவது நாள் கோயில்ல இருந்து நேரா வீட்டுக்கா வந்தீங்க?"

நான் நேராக வீட்டுக்கு வந்ததில்லை. எந்த ஆண்டும் வந்ததில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவள் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். கோல் மார்க்கெட் பக்கத்தில் ஒரு பொதுக்கூடம், பின்புற அறை, தினமும் ஆறரை மணி என்று அவளுடைய கையெழுத்தில் இருந்தது. குடியை விட நினைப்பவர்கள் அங்கே கூடிப் பேசுகிறார்களாம். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண் சொன்னாளாம். அவளுடைய கணவன் அங்கேதான் போகிறானாம்.

எனக்குச் சினம் தலைக்கேறியது. "அவகிட்டப் போய் என் மானத்தை வாங்கினியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. அவளுக்கு எப்பவோ தெரியும். நம்ம வீட்டுக் குப்பையைக் கொண்டு போடுதது யாரு?"

அந்தக் கணவனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்தவன்; கொத்தனார் வேலை; பாலத்துக்கு அப்பாலுள்ள குடிசைப் பகுதியில் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெண் முகத்தில் வீக்கத்தோடு வந்து என் மனைவியிடம் அழுதாள். நான் தலையிட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவனை ஆர்.கே. புரம் மலைக்கோயிலுக்கு அழைத்துச் சென்று, படியடியில் கிழக்கு நோக்கி நிறுத்தி, நாற்பத்தெட்டு நாட்கள் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கி, மஞ்சள் கயிற்றை நானே அவன் மணிக்கட்டில் கட்டினேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் குடியை விடுவதற்கு அறியப்பட்ட வழி அதுதான். புலனடக்கம் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அவன் கைகட்டிக் கேட்டான். நாற்பத்தெட்டு நாட்களும் ஒழுங்காக இருந்தான். மறுநாள் மாலை கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுச் சாலையோரம் விழுந்து கிடந்தான் என்று கேள்விப்பட்டபோது, எங்கள் சனிக்கிழமைப் பாராயணக் குழுவில் சொன்னேன்: "சிலருக்கு இறைவன் பெயரும் உறைக்காது."

இதைச் சொல்லிவிட்டு வீடு திரும்பும் வழியில் நான் எங்கே நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டு கைக்கு வந்த அன்று மாலை ஐந்தரைக்கு அலுவலகத்தை விட்டு நடந்தேன். கோல் மார்க்கெட் வட்டமான பழைய கட்டடம், சுற்றிலும் சாலை. ஆறு மணிக்கே இருட்டும் நவம்பர் மாதம். கஜக் என்னும் எள்ளுமிட்டாய் விற்பவன் தள்ளுவண்டியில் பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தான். சீட்டில் இருந்த சந்து கண்ணுக்குப் புலப்பட்டும் நான் அதற்குள் நுழையாமல் மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு இன்னொரு சுற்று. இனிப்புக் கடை, மருந்துக் கடை, தையற்கடை, மறுபடியும் இனிப்புக் கடை. இந்நகரில் எந்தக் காலனியில் தேக்கா என்னும் சாராயக் கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குக் கதவடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அங்கே போக ஒருவரிடமும் வழி கேட்டதில்லை. இந்த அறைக்கு வழி கேட்க வேண்டுமே என்பதுதான் கால்களைச் சுற்ற வைத்தது. என்ன சொல்லிக் கேட்பது? நான்காம் சுற்றில் கஜக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாபூஜி, வாக்கிங்கா?" என்று இந்தியில் கேட்டான். வேறு வழியின்றிச் சந்துக்குள் திரும்பினேன்.

கூடத்தின் வாயிலில் காவலாளி முக்காடிட்டு உட்கார்ந்திருந்தான். நான், "மீட்டிங்…" என்று இழுத்தேன். அவன் என் நெற்றியைப் பார்த்தான். காலையில் இட்ட மூன்று பட்டைத் திருநீறு மாலைவரை கலையாமல் இருப்பது என் வழக்கம். கைப்பையில் சிமிழ் உண்டு. அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"கீர்த்தன்? ஆயியே பண்டித்ஜி, ஆயியே. ஷுரு ஹோ கயா."

பஜனை தொடங்கிவிட்டதாம். இல்லையப்பா, நான் தேடி வந்தது அதுவன்று என்று சொல்வதற்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நான் செருப்பைக் கழற்றினேன்.

முன்கூடத்தில் வெள்ளை விரிப்பின்மேல் முப்பது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் பஞ்சாபி மூதாட்டிகள். என் நெற்றியைக் கண்டதும் வழிவிட்டு முன்வரிசையில் அமர்த்தினார்கள். ஒருத்தி என் கையில் சிறு தாளம் ஒன்றைத் திணித்தாள். ஐந்து நாட்களாக என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. கோப்பில் கையெழுத்துப் போட இடக்கையால் வலக்கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. தாளம் போடும் கையில் நடுக்கம் தெரியாது. அங்கே எனக்கு எல்லாம் பழகியதாக இருந்தது: ஊதுவத்தி, விரிப்பு, கண்மூடிய முகங்கள். இதுவும் நல்ல கூட்டம்தானே, இதற்கு வந்ததாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாமே என்று மனம் கணக்காக வேலை செய்தது.

பாட்டு முடிந்ததும் தெற்கத்திய பஜன் ஒன்று பாட வேண்டும் என்று கேட்டார்கள். நான் பாடினேன். வீட்டில் இரண்டாம் அடியில் நின்ற நாக்கு அங்கே நிற்கவில்லை. தன்னை நாய் என்றும், பேய் என்றும், மலம் நிறைந்த கூடு என்றும் பழித்துக்கொண்டு, இப்படிப்பட்டவனையும் ஆட்கொண்டாயே என்று அடியார் உருகும் பதிகம் அது. எனக்குக் கண்ணீர் வந்தது. கேட்டவர்கள் பொருள் புரியாமலே கண்ணைத் துடைத்தார்கள். ஒரு மூதாட்டி என் காலைத் தொட்டு வணங்கினாள்.

கண்ணைத் திறந்தபோது வாயிற்படிக்கு வெளியே, கையில் தேநீர்க் கெட்டிலுடன், கொத்தனார் நின்றுகொண்டிருந்தான்.

அவன் உள்ளே வரவில்லை, சைகையும் செய்யவில்லை. பாட்டு முடியட்டும் என்று காத்து நின்றவன்போல நின்றான். நான் தாளத்தை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

"சாமி, இது இல்லீங்க. அந்தாண்ட."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்னா வாங்க. டீ ஆறுது."

"நான் சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நானும் அப்பிடித்தான் சாமி வந்தேன். ஏழு மாசமா சும்மா பாத்துகினுதான் இருக்கேன்." பிறகு என் காலைப் பார்த்தான். "செருப்பை எடுத்துக்கோங்க. அங்க கழட்ட வேணாம்."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே கட்டடத்தைச் சுற்றி அவன் பின்னால் நடந்தேன். சிமெண்டுத் தரையின் குளிர் காலுறை வழியாக ஏறியது. பாதி வழியில் நின்றேன்.

"ஒருவேளை எனக்கு இது தேவைப்படாது. நான் விரதம் இருக்கதெல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியுங்களே. எனக்கும் ஒண்ணு கட்டினீங்களே." ஏளனமாகச் சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கெட்டிலைக் கை மாற்றிக்கொண்டிருந்தான், சூடு போலும்.

பின் அறை பகலில் மழலையர் வகுப்பு. சுவரில் இந்தி எழுத்துகளுக்குரிய படங்கள்: மாதுளம்பழம், உரல், குதிரை. குட்டைப் பெஞ்சுகளில் ஒன்பது பேர், முழங்கால் முகவாய்க்கு வர, உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் காலிலும் செருப்பு இருந்தது. படமில்லை, விளக்கில்லை. ஓய்வுபெற்ற படைவீரரான ஒரு சர்தார்ஜி நடத்தினார். ஒவ்வொருவராகத் தாங்கள் யார், என்ன ஆனது என்று நாலு வார்த்தை பேசினார்கள். யாரும் அறிவுரை சொல்லவில்லை, இடைமறிக்கவுமில்லை. என்னால் ஓரிடத்தில் அமைதியாக இருக்க முடியவில்லை. பெஞ்சு கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கதவு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்தேன்.

புதியவர் ஏதேனும் கேட்க விரும்புகிறாரா என்றார் சர்தார்ஜி. எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. அலுவலக இந்தியில் கேட்டேன்.

"இது எத்தனை நாளைக்கு?"

அறையில் சிரிப்பு எழுந்தது, கெட்ட சிரிப்பன்று. சர்தார்ஜி தாடியைத் தடவிக்கொண்டு, "ஆஜ் கா ஹை ஜீ" என்றார். இன்றைக்குத்தான்.

"பிறகு?"

"பிறகு என்ன? நாளைக்கு வந்தால், அப்போதும் இன்றைக்குத்தான்."

எனக்கு எரிச்சல் மூண்டது. விரதம் என்றால் சங்கல்பம் உண்டு. இந்நாள் முதல் இந்நாள் வரை என்று இறைவன் முன் எண்ணிச் சொல்கிறோம்; நிறைவு நாளில் அபிடேகம், அன்னம், கயிறவிழ்ப்பு. முடிவில்லாத விரதத்தை யார் தொடங்குவார்கள்? எதை நம்பித் தாங்குவார்கள்? வாயைத் திறந்து வாதிடத் தயாரானேன். அப்போதுதான், நான் எதை நம்பித் தாங்கினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

நாற்பத்தெட்டை நம்பித்தான். நாற்பத்தொன்பது வரும் என்று நம்பித்தான். விரத நாட்களில் பூசை முடித்து நாட்காட்டியில் கோடிடும்போது என் கை எதை எண்ணியது என்பது எனக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் குடியை விட்டிருக்கவில்லை, காத்திருந்தேன். இறைவனைச் சாட்சியாக வைத்துக் காத்திருந்தேன். மற்ற மாதங்களில் குடிப்பதற்கான உரிமைச்சீட்டை அந்த ஒரு மண்டலத்தில் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டேன். அதே சீட்டை மஞ்சள் கயிறாக்கிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கட்டிவிட்டேன்.

என் முறை வந்தது. எழ வேண்டியதில்லை என்றார்கள், நான் எழுந்துவிட்டேன். இருபத்தெட்டு ஆண்டுகள் தில்லியில் இந்தி பேசியவன். ஒரு சொல்லும் வரவில்லை. அரைமணி முன்புதான் முன்கூடத்தில் நாய் என்றும் பேய் என்றும் என்னைச் சொல்லிக் கண்ணீர் வடித்தேன். அவை வேறொருவர் உருகி எழுதிய சொற்கள். அவற்றுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. இங்கே சொல்ல வேண்டியது இரண்டே சொல். கடைசியில் அது தமிழில் வந்தது. அலுவலகத் தமிழோ பதிகத் தமிழோ அன்று, திருநெல்வேலியில் என் தந்தையிடம் பேசிய தமிழ்.

"நான் குடிக்கேன். முப்பது வருசமாக் குடிக்கேன். விட முடியலை."

ஒருவருக்கும் புரியவில்லை. பெஞ்சிலிருந்தபடியே கொத்தனார் இந்தியில் சொன்னான்: "மே ஷராபி ஹூம். தீஸ் சால் ஸே பீ ரஹா ஹூம். சூட்த்தீ நஹீம்." இவர் குடிக்கிறார் என்று சொல்லவில்லை. நான் என்றே சொன்னான். அவனை நன்கறிந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

"சாமி அலமாரியில ஒளிச்சு வச்சிருந்தேன்" என்றேன். அவன் அதையும் சொன்னான். "அஞ்சு நாளா வீட்ல விளக்கு இல்லை." அதையும் சொன்னான். சர்தார்ஜி கண்ணை மூடிக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "இவனைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி நான் கயிறு கட்டினேன். அன்னைக்குக் காலையிலயும் குடிச்சிருந்தேன்."

கொத்தனார் தேநீர்க் கோப்பையைக் காலடியில் வைத்தான். எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னான். ஒரே ஒரு மாற்றம் செய்தான். இவனை என்பதை, யாரோ ஒருவனை என்று சொன்னான்.

நான் உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை, தேற்றவில்லை. அடுத்தவர் பேசத் தொடங்கினார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றோம். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "அன்னைக்கு…" என்று தொடங்கினேன்.

"அன்னைக்கே தெரியும் சாமி. கயிறு கட்டுறப்பவே ஏலக்கா வாசனை தூக்குச்சு. நானும் அதுதான மெல்லுவேன்." அவன் சிரித்தான். "நமக்குப் புத்தி சொல்றவரே இப்பிடின்னா நம்மளால எங்கடா ஆவும்னு நெனச்சுக்கிட்டேன்."

அடிமனத்தில் அது என்னைச் சுட்டது. "ஏன் அன்னைக்கே கேக்கலை?"

"கேட்டா நீங்க ஒத்துப்பீங்களா? நெத்தி நெறையப் பூசிகினு நின்னீங்க." ப்ளூலைன் பேருந்து வந்தது. "ஏறுங்க சாமி, சீட்டு இருக்குது. நான் நடந்துக்கிறேன். நடந்தாத்தான் எனக்குத் தேக்காப் பக்கம் போவாத வழியில போவ முடியும்."

பேருந்தில் இருக்கை இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். என் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் ஒரு கடை உண்டு, பச்சைக் குழல்விளக்கு. கால்கள் தாமாகவே படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தன. கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றினேன், மறுபடி மாற்றினேன். நடத்துனர், "உதர்னா ஹை க்யா?" என்று அதட்டினான். இறங்கப்போவதில்லை என்று சொன்னேன். கேட்டவன் அவன், சொன்னது அவனுக்கு மட்டுமன்று.

படியேறும்போது எண்ணெய் மணம் இல்லை. மனைவி கதவைத் திறந்து என் முகத்துக்கு அருகே ஒரு கணம் நின்றாள். முகர்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும். நான் மூச்சை அடக்கவில்லை.

"போனீங்களா?"

"போனேன்."

"எத்தனை நாளைக்காம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னைக்குத்தானாம். நாளைக்குப் போனா அப்பவும் இன்னைக்குத்தானாம்."

அவள் அதை யோசித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். கரண்டி வைக்கும் ஓசை. அலமாரிக் கதவு திறக்கும் ஓசை. கீழ்த்தட்டை அவள் ஏற்கெனவே கழுவி, பழைய தாளை எடுத்துப் புதுத் தாள் விரித்திருந்தாள். புது டின்னிலிருந்து எண்ணெய் வார்த்தாள். திரியை நிமிண்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நானும் இன்னைக்குத்தான் ஏத்துதேன். நாளைக்கு என்னன்னு கேக்காதீங்க."

விளக்கு எரிந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தேன். புத்தகத்தை எடுக்கத் துணிவில்லை. கண்கள் வேலுக்கும் முருகனுக்கும் போகாமல் டின்னுக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்துக்கே போய்ப் போய்த் திரும்பின. அன்று நான் செய்த பூசை அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் திருநீற்றுச் சிமிழைத் திறந்தபோது கை தயங்கியது. பூசாமல் போனால் காவலாளி ஏமாற மாட்டான். ஆனால் அதுவும் ஒளிந்துகொள்வதுதான் என்று பட்டது. மூன்று பட்டையும் இட்டுக்கொண்டேன். பகல் முழுவதும் கோப்புகளில் ஒரு வரியும் மனத்தில் பதியவில்லை. நான்கு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்தேன். போகாமலிருக்க மூன்று காரணங்கள் தோன்றின, மூன்றும் நல்ல காரணங்கள்.

அன்று கோல் மார்க்கெட்டை ஒரு சுற்று மட்டுமே சுற்றினேன். காவலாளி என்னைக் கண்டு எழுந்து, கைகூப்பி, முன்கூடத்தின் கதவைத் திறந்து பிடித்தான். உள்ளே தாளம் ஒலித்துக்கொண்டிருந்தது. நேற்றைய மூதாட்டி திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.

"ஆயியே பண்டித்ஜி. கீர்த்தன்."

"நஹீம்" என்றேன். "பீச்சே." பின்னால்.

அவன் கை கதவிலேயே இருந்தது. பின்புற அறையில் என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். என் நெற்றியைப் பார்த்தான், பிறகு கண்ணைப் பார்த்தான். கதவை மெல்லச் சாத்தினான்.

நான் செருப்பைக் கழற்றாமல் கட்டடத்தைச் சுற்றி நடந்தேன்.